அப்பா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியபோது

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுப் பெரியவர்களின் மறதியைப் பற்றிக் கேட்க வந்திருப்பீர்கள். நான் அந்த மறதியோடு கிடந்து அல்லாடும் மனசைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

என் அப்பா திடீரென்று கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். முட்டி வலி என்றார், நாங்களும் நம்பினோம். யாராவது எதிரே வந்து "என்னைத் தெரியுதா மாமா?" என்று கேட்டு, பேர் வாயில் வராமல் நின்றுவிடுவோமோ என்ற பயம்தான் காரணம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

லேசான அறிவாற்றல் குறைபாடு என்று டாக்டர் சொன்னார். இது டிமென்ஷியா இல்லை, அதாவது அன்றாட வேலைகளையே தனியாகச் செய்ய முடியாமல் போகும் அளவுக்கு முற்றிய மறதி நோய் இல்லை. பணம், மருந்து, கடை கண்ணி எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார், முன்னைவிடக் கொஞ்சம் தடுமாறுவார். ஆனால் தான் மறக்கிறோம் என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியும், அதுதான் கொடுமை. இந்த நிலையில் இருப்பவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியான கட்டுரை சொல்கிறது. மூன்றில் ஒருவர்!

அப்புறம், அழுகையும் இல்லாமல் கவலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்தே இருப்பவர்களும் உண்டு. ஆர்வம் வற்றிப்போவதும் நோயின் ஒரு முகம்தான். "சோம்பேறியாயிட்டீங்க" என்று திட்டாதீர்கள், ஒரு கட்டுக் கீரையை முன்னால் வைத்து நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய ஆரம்பியுங்கள், அவர் கையும் தானாக வரலாம்.

இன்னொன்று, மனச்சோர்வே மறதியைக் கொண்டுவரும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, காது மந்தம், வருஷக்கணக்கில் போடும் தூக்க மாத்திரை, இவையும் அப்படித்தான். அதனால் வயசாச்சு என்று விடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள், தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அப்பாவைப் போல லேசான குறைபாடு இருக்கும் எல்லோருக்கும் டிமென்ஷியா வருவதில்லை, பலர் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தயவுசெய்து பேரப்பிள்ளைகள் முன்னால் "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் 14416-க்கு, அதாவது அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு, இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம். வெளியே போகும்போது தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மா, "உங்க திண்டுக்கல் சித்தப்பா மகன் வர்றார் பாருங்க" என்று சொல்லிவிடுகிறார். போன மாதம் அப்பா இரண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தார்.