மகளின் எறி

நேயர்களுக்கு வணக்கம். என் மகளுக்கு 10 வயது. போன வருடம் பள்ளிக்கூட எல்லே குழுவில் சேர ஆசைப்பட்டாள். எல்லே என்றால் மட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடும் இலங்கை ஆட்டம். தெரிவு நாளில் அவள் எறிந்த பந்து பாதித் தூரத்திலேயே விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர், "பொம்புளப் புள்ளைட கை அவ்வளவுதான்" என்றார். மகள் அதைக் கேட்டுவிட்டாள். வீடு வரும்வரை பேசவேயில்லை.

அவள் கையில் ஒரு குறையும் இல்லை. ஆண்பிள்ளைகள் நாலைந்து வயதிலேயே ஒழுங்கையில் பந்தெறிந்து, கல்லெறிந்து மாங்காய் விழுத்திப் பழகிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நாம் மகளை உள்ளே கூப்பிடுகிறோம். நானும் கூப்பிட்டவன்தான்.

எறிந்து பழகுவதை மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் தொடங்கினோம். கச்சான் காற்று பந்தைக் கடலுக்கே கொண்டுபோனதால், பிறகு வீட்டு வளவுக்கு வந்துவிட்டோம். அங்கேதான் அவளை நன்றாகக் கவனித்தேன். முகமும் நெஞ்சும் எனக்கு நேரே இருக்க, முழங்கை விலாவோடு ஒட்டியபடி பந்தைத் தள்ளினாள். சரி, முதலில் பக்கவாட்டில் நிற்கச் சொன்னேன். வலக்கைக்காரி என்பதால் இடது தோள் என்னைப் பார்க்க வேண்டும். இடது காலை முன்னே வைத்து, முழங்கையைத் தோள் உயரத்துக்கு எடுத்து, இடுப்பைத் திருப்பிய பிறகுதான் கை வர வேண்டும். எறிந்த கை எதிர்த் தொடைப் பக்கம் போய் முடியட்டும். இடுப்பு திரும்பத் தொடங்கிய அன்றே பந்தின் தூரம் கூடிவிட்டது.

பிடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பழைய காலுறையைச் சுருட்டி எறிந்தேன், முகத்தில் பட்டாலும் நோகாது. பயம் போன பிறகு ரெனிஸ் பந்து. நெஞ்சுக்கு மேலே வந்தால் விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் நிலத்தை. எல்லேயில் ஓடுகிறவரைப் பந்தால் அடித்தே ஆட்டமிழக்கச் செய்யலாம் என்பதால், சுவரில் கரியால் வட்டம் போட்டுக் குறியும் பழக்கினேன்.

எல்லே போலவே மட்டையால் பந்தடித்து ஓடும் சொப்ட்போலுக்கும் இதே எறிதான், பந்து போடுகிறவர் மட்டும் கையைக் கீழிருந்து சுழற்றி எறிவார். 1887இல் அமெரிக்காவின் சிக்காகோவில் பிறந்த ஆட்டம் அது. நம் மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளாரும் அந்த நாட்டிலிருந்து வந்தவர்தான். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். 10 வயதுப் பிள்ளைகளுக்கு 11 அங்குலப் பந்து கொடுப்பார்கள். சின்னக் கை என்றால் இரண்டு விரலுக்குப் பதில் மூன்று, நான்கு விரலால் பிடிக்கலாம். 1996இல் ஒலிம்பிக்கில் பெண்களுக்காகச் சேர்த்தார்கள். 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸில் அது திரும்பவும் வருகிறது.

ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஆசை மிஞ்சி, தினமும் நூறு எறி என்று கணக்கு வைத்தேன். மூன்றாம் கிழமை, "அப்பா, தோள் நோகுது" என்றாள். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகள் இன்னும் முற்றாதவை. ஒரே எறியைத் திரும்பத் திரும்ப எறிந்தால் அங்கேதான் காயம் வரும். நோவு முழுதாகப் போகும்வரை பந்தைத் தொடவிடவில்லை. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், முப்பது எறி, அதற்கு முன் மெல்லிய ஓட்டம். நோகிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே நிறுத்துங்கள்.

இந்தக் கிழமை பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையும் வளவுக்கு வந்தாள். நான் கதிரையை விட்டு எழும்பும் முன்னே மகள் அவளைத் தோளில் பிடித்துத் திருப்பி, "இப்பிடிப் பக்கவாட்டில நில்லுங்க" என்று காலுறைப் பந்தைக் கையில் கொடுத்தாள்.