ஐநூறு ரூபாய்க்காரரைத் திட்டுவது சுலபம்

நடுவர் அவர்களே, தேர்தலில் பணம் ஆட்டம் போடுவதற்குக் காரணம் ஓட்டுக்குக் காசு வாங்குகிற வாக்காளரா, கட்சிக்குக் காசு கொடுக்கிற பெரும்புள்ளிகளா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் இருபது நிமிடம் வாக்காளரை வறுத்தெடுத்தார். சரி, வாங்குவது தப்புதான். ஆனால் அந்த 500 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாரா?

வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆகஸ்டில் மறுபடி நடந்தபோது, முதலில் நின்ற அதே இரண்டு முக்கிய வேட்பாளர்கள் வந்து நின்றார்கள். தண்டனை யாருக்கு? இரண்டு மாதத்துக்கு மேல் எம்.பி. இல்லாமல் கிடந்த தொகுதிக்கு.

சட்டம் எப்படி இருக்கிறது பாருங்கள். நம் மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது, டீக்கும் வடைக்கும்கூடக் கணக்குக் காட்ட வேண்டும். அவருடைய கட்சிக்கு? வரம்பே கிடையாது. 1974இல் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் சூடு ஆறுவதற்குள் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைச் செல்லாக்காசாக்கிவிட்டார்கள். இதைச் செய்தது வாக்காளரா ஐயா?

அடுத்து தேர்தல் பத்திரம், அதாவது கட்சிக்கு நன்கொடை கொடுப்பதற்காக வங்கியில் வாங்கிய பத்திரம். 2018இல் வந்தது, ஸ்டேட் பாங்கில் மட்டும்தான் கிடைத்தது, வாங்கியவர் பெயர் வெளியே தெரியாமல் இருந்தது. சாமானியருக்கும் 1,000 ரூபாய் பத்திரம் உண்டு என்றார்கள், ஆனால் விற்ற தொகையில் 90 சதவீதத்துக்கு மேல் 1 கோடி ரூபாய் பத்திரங்கள்! அதற்கு முந்தைய ஆண்டே, ஒரு கம்பெனி தன் லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பையும் தூக்கிவிட்டார்கள், நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனிகூட அள்ளிக் கொடுக்கலாம் என்று ஆனது. நஷ்டத்தில் இருப்பவன் ஏன் கொடுக்கிறான்? தர்மத்துக்கா?

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இந்தப் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தார்கள். யார் வாங்கினார், எந்தக் கட்சிக்குப் போனது என்ற விவரத்தைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி கேட்டது, அதாவது மக்களவைத் தேர்தல் முடிகிறவரை. நீதிமன்றம் ஒரே நாள்தான் கொடுத்தது, மறுநாளே வங்கி பட்டியலைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்தது, யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க உதவும் பத்திர எண்கள் மார்ச் 21இல்தான் வந்தன. அதிகம் வாங்கிய கட்சி மத்தியில் ஆளும் பா.ஜ.க. அதிகம் கொடுத்தது கோவை முகவரி கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்கு வந்தது. 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிற மாநிலம் இது! கைதட்டுகிற கட்சிக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்கள் கட்சி பெயரும் பட்டியலில் இருக்கலாம்.

பத்திரம் போய்விட்டது, கட்சிச் செலவுக்கு வரம்பு மட்டும் இன்னும் வரவில்லை. எங்கள் அணி கேட்பது இரண்டுதான்: அந்த வரம்பு வேண்டும், பெரிய நன்கொடை யார் கொடுத்தார்கள் என்பது ஓட்டுப் போடுவதற்கு முன்பே தெரிய வேண்டும். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு வேண்டும், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே, நான் உட்கார்ந்துகொள்கிறேன்.