ஊட்டி புல்வெளில ஏன் மரம் வர மாட்டேங்குது? உறைபனி காலைல ஒரு ரவுண்டு

வணக்கம் மக்களே, இப்ப காலைல ஆறரை மணி, அவலாஞ்சி போற ரோட்டோரம் நிக்கிறேன், பேச்சு கொழறுச்சுன்னா கண்டுக்காதீங்க, அவ்ளோ குளிரு. போன வீடியோல புல்வெளிய காட்டினேன்ல, பாதி பேரு ஒரே கேள்விதான், இவ்ளோ எடம் சும்மா கெடக்கே ப்ரோ மரம் நட வேண்டியதுதானேன்னு. சும்மா கெடக்கலங்க. கிட்ட வாங்க காட்றேன்.

புல்லு முழுக்க வெள்ளையா இருக்கா, மிதிச்சா மொறுமொறுன்னு சத்தம் வருது பாருங்க, இதான் உறைபனி. அதுக்குள்ள இந்த கன்னு, விரல் நீளம்தான், நாவல் சாதி மாதிரி தெரியுது, பக்கத்து சோலைல, அதாங்க புல்வெளிக்கு நடுவுல இருக்குற மலைக்காட்டுல, பழம் தின்ன பறவை எச்சம் போட்டு மொளைச்சிருக்கும். மழைக்காலம் பூரா நல்லாத்தான் இருந்திருக்கும், இப்ப இலைய தொட்டா வெந்த கீரை மாதிரி கருத்து தொங்குது. செல்லுக்குள்ள இருக்குற தண்ணி உறைஞ்சா அவ்ளோதான். ராத்திரி தப்பிச்சாலும் காலைல சுள்ளுன்னு வெயில் அடிக்குமே, வெறைச்சுப்போன இலையால அந்த வெளிச்சத்த தாங்க முடியாது, கருகிடும்.

மேகம் இல்லாத ராத்திரில தரை தன் சூட்ட எல்லாம் வானத்துக்கு விட்ருது. தெர்மாமீட்டர் ஆள் உயரத்துல 3 டிகிரி காட்டும், புல்லு மட்டத்துல அது ஜீரோவுக்கு கீழ போயிருக்கும், கன்னு இருக்குறது அந்த மட்டத்துலதான். ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்ல பனி சீசன்ல பூச்செடிக்கு மேல மிலார் செடிய வெட்டி மூடி வைப்பாங்க பாத்திருக்கீங்களா, சோலைக்குள்ள அந்த வேலைய பெரிய மரங்களோட தழையே பாத்துக்குது. அதனால அங்க கீழ கன்னு பொழைக்குது, பத்தடி தள்ளி இங்க செத்துருது.

உயரம்னு பாத்தா, மேல போகப்போக குளிரும், ஆயிரம் மீட்டருக்கு சுமார் 6 டிகிரி கொறையும். குன்னூர் 1,850 மீட்டர்கிட்ட, அங்க உறைபனி அபூர்வம், ஊட்டி 2,240, இங்க நவம்பர் டு பிப்ரவரி இதான் பொழப்பு. அப்போ 2,637 மீட்டர் தொட்டபெட்டா உச்சிலதான் ரொம்ப மோசம்னு நெனப்பீங்க, ஆனா குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால சரிவுல எறங்கி தலைகுந்தா மாதிரி பள்ளத்துல தேங்கிக்கும், பனி கொட்டுறது அங்கதான். கன்னுக்கு மலையோட உயரத்த விட அது நிக்குற குழிதான் முக்கியம்னு வெச்சுக்கோங்க.

பனிதான் புல்வெளிய காக்குதுன்னு 1938லயே ரங்கநாதன்னு ஒருத்தர் எழுதிட்டாரு. அப்புறம் பெங்களூர்ல என்சிபிஎஸ்னு ஒரு உயிரியல் ஆராய்ச்சி மையம் இருக்கு, அந்த ஆளுங்க புல்வெளிலயே கன்னு வெச்சு பாத்து 2020ல பேப்பர் போட்டாங்க, சோலைக் கன்னு பனில பெரும்பாலும் போயிருது, நம்ம சீகை இருக்கே, சீகைக்காய் இல்லங்க, ஆஸ்திரேலியால இருந்து வந்த வாட்டில் மரம், அது தாங்கி நிக்குது. ராத்திரி சூடு கொஞ்சம் கூடுனா கன்னுங்க பொழைக்குற சான்சும் கூடுது. கேக்க நல்லாருக்குல்ல? ஆனா அந்த எடத்த மொதல்ல புடிக்கப்போறது சோலை மரம் இல்ல, சீகைதான், அந்தா எதிர் மேட்ட பாருங்க, முழுக்க அதான்.

அதுக்காக எல்லா சீகையையும் ஒரே மூச்சுல வெட்டித் தள்ளுங்கன்னு சொல்றவங்களோடயும் எனக்கு ஒத்துப்போகல. வெட்டுனா வெளிச்சம் விழும், மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா கெடக்குற சீகை வெதை மொத்தமா மொளைச்சுரும். சோலைய ஒட்டுன பழைய சீகைக்கு அடில போய் பாத்தா நாவல், காட்டு லவங்கம்னு சோலைக் கன்னுங்க நெழல்ல ஜம்முனு வந்துட்டு இருக்கும், அத விட்டுரலாம். புல்வெளிக்குள்ள புதுசா நுழையுற சின்ன சீகைய மட்டும் மொதல்ல வேரோட புடுங்கணும். மரம் நடுற குரூப்காரங்க தயவுசெஞ்சு இந்தப் பக்கம் குழி தோண்டாதீங்க.