எதுவரைக்கும், கர்த்தாவே?

(மட்டக்களப்பில் சபைத் தொண்டர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பானவர்களே,

2005 தை மாதம். சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. நகருக்குள் ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தேன். கடலோர நாவலடியைச் சேர்ந்த ஒரு தாய் வாங்கில் இருந்தார். கையில் பிள்ளையின் சப்பாத்து ஒன்று. அதைக் கவிழ்த்து மணலைத் தட்டுவார், விரலை விட்டுத் துழாவுவார், மறுபடி தட்டுவார். மணல் எப்போதோ தீர்ந்துவிட்டது. நான் வேதாகமத்தை விரித்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று வாசித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது யோபுவின் வார்த்தை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் அவன், அவன் சொல்லலாம். எனக்கு அந்த உரித்து இல்லை. அவனுடைய சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாமல் அவனோடு தரையில் இருந்தார்களே, அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பிறகு எங்கள் சபை ஆச்சி ஒருவர் வந்தார். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல "மனே" என்றார், அவ்வளவுதான். அந்தத் தாயின் சிக்குப்பிடித்த தலைமுடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தார். அரை மணித்தியாலம் போயிருக்கும், ஒப்பாரி வெடித்தது.

செத்தவீட்டில் ஒப்பாரி வைத்து அழும் நாங்கள், ஆலயத்துக்குள் வந்ததும் அழுகையை விசுவாசக் குறைவு என்கிறோம். வேதம் அப்படிச் சொல்லவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் விடியாமலே முடிகிறது. பிள்ளைகளை இழந்த ராகேல் ஆறுதலே வேண்டாம் என்கிறாள். சிலுவையில் தொங்கியவரும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் கூப்பிட்டார். உயிர்த்தெழுந்த பிறகும் காயங்களை மறைக்காமல் தோமாவுக்குக் காட்டினார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் முதுகுப் பையில் வந்த குண்டு வெடித்து நாங்கள் இழந்தவர்களில் எத்தனை பேர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள்! அதன்பின் முதுகுப் பையோடு யாரும் உள்ளே வந்தாலே விறைத்துப்போகிற பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்லி என்ன பயன்? அந்தப் பயம் உடம்பில் இருக்கிறது. வாசலைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க விடுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக விடச் சொல்லி, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற ஒரு வரியை அந்த மூச்சோடு சேர்த்துப் பழக்குங்கள். நெஞ்சுப் படபடப்பு மெல்ல இறங்கும். மாதக்கணக்காக நித்திரை இல்லாதவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பிசாசு பிடித்தது என்று சொல்லி இன்னொரு காயம் செய்யாதீர்கள். மருந்து எடுப்பவர் ஜெபத்தை விட்டவர் அல்ல.

இந்த நகரிலேயே 1996இல் யேசுசபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் நண்பர்களும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரைக் கண்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். அதையும் நான் ஜெபம் என்றே சொல்வேன்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். போர்க்காலத்தில், 1990இல் கூட்டிச்செல்லப்பட்ட மகன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத தாயிடம், மன்னித்துவிடு என்று அவசரப்படுத்த எனக்கு மனம் வராது. அவர் கேள்விக்கு முதலில் செவிகொடுப்போம்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் 88ஆம் சங்கீதத்தை முழுதாக வாசிப்போம். முடிந்ததும் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். கீபோர்ட் வாசிக்கும் தம்பியும் பொறுத்திருக்கட்டும். அழுகிறவர் அழட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.