மாடு சினை நிற்கவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவில் மெல்லோட்டு ஆமையை உணவுக்காகப் பண்ணையில் வளர்க்கிறார்கள். தீவனத்தில் மூலிகைப் பொடி கலப்பதும் உண்டு. அதைப் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு மானூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், "நம்ம குளத்துல பாலாமை கெடக்கே சார், வளக்கலாமா?" என்று கேட்டார். பாலாமை என்பது நம்மூர் மெல்லோட்டு ஆமை. கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. பிடித்தாலே வழக்குதான். ஆமையை ஆமைபாட்டுக்கு விட்டுவிடுவோம். தொழுவத்தில் நிற்கிற மாட்டைப் பார்ப்போம்.

இரண்டு, மூன்று தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்காத பசு நம்மூரில் நிறைய. இதற்கு மரபுவழிக் கால்நடை மருத்துவத்தில் நல்ல முறை ஒன்று இருக்கிறது. பருவத்துக்கு வந்த முதல் நாளோ மறுநாளோ தொடங்கவேண்டும். தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி, ஐந்து நாள். அப்புறம் தினம் ஒரு சோற்றுக் கற்றாழை மடல், நாலு நாள். அடுத்து முருங்கைக் கீரை நாலு கைப்பிடி, நாலு நாள். பிறகு பிரண்டை நாலு கைப்பிடி, நாலு நாள். கடைசியாகக் கறிவேப்பிலை நாலு கைப்பிடி, மஞ்சளோடு நாலு நாள். எல்லாம் பச்சையாக, வெல்லமும் உப்பும் சேர்த்து. கூட்டிப் பாருங்கள், 21 நாள் வரும். மாட்டின் பருவச் சுழற்சியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மருந்து முடியும்போது அடுத்த பருவம் வந்துவிடும்.

பிரண்டையில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கையெல்லாம் அரிக்கும். நறுக்குவதற்கு முன் உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இளந்தண்டாகப் பார்த்து இடித்து, வெல்லத்தோடு உருட்டிக் கடைவாய்ப் பக்கம் வையுங்கள். அண்ணாக்கத் தூக்கிப் பிடித்துக் கரைத்து ஊற்றவேண்டாம், புரை ஏறிவிடும்.

வெறும் வைக்கோலைத் தின்று எலும்பு துருத்தி நிற்கிற மாட்டுக்கு மூலிகை என்ன செய்யும்? பசும்புல், புண்ணாக்கு, தவிடு, தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, இதெல்லாம் முதலில். தாது உப்புக்குக் கணக்குப் பார்த்துவிட்டு மூலிகைக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஊசி நேரமும் முக்கியம். மாடு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. பருவத்தில் அறையிலிருந்து வடிகிற வழும்பு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கவேண்டும். கலங்கியோ சீழாகவோ இருந்தால் கருப்பையில் புண் என்று அர்த்தம். அதற்கு டாக்டர்தான். திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோகலாம்.

இன்னொன்று. சினையாக இருக்கிற மாடும் சில நேரம் பருவ அறிகுறி காட்டும். முன்பே ஊசி போட்ட மாடு என்றால், கற்றாழை கொடுக்கும் முன்னால் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சினை மாட்டுக்குக் கற்றாழை ஆகாது, கலைந்துபோகவும் கூடும்.

நன்றி, வணக்கம்.