மூடிய நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் நடுவே

வணக்கம். பழைய வணிக வளாகத்தை இடித்துவிட்டு வீடு, கடை, கல்லூரி எல்லாம் சேர்ந்த புது வட்டாரம் கட்டப்போகிறோம் என்றால், முதலில் நமக்குக் காட்டுவது ஒரு வண்ணப் படம். உயரக் கட்டடம், நாலு மரம், சைக்கிளில் போகும் ஒரு பெண். அந்தப் படத்தில் வராத வருடங்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

தென் லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காசில் வணிக வளாகத்தை 1965-ல் திறந்தார்கள். ஐரோப்பாவிலேயே முதல் கூரை போட்ட வளாகம் என்று பெருமை பேசினார்கள். திறந்தபோதே பாதிக்கு மேல் கடைகள் காலி! சுற்றிலும் வண்டிகள் சுழலும் ரவுண்டானா. உள்ளே போக வேண்டுமானால் சுரங்கப்பாதையில் இறங்கி ஏற வேண்டும். யார் வருவார்கள்? பெரிய கடைகள் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் வாடகை ஏறவில்லை.

வாடகை ஏறாத இடம் யாருக்கு உதவும்? ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு. கொலம்பியா, ஈக்வடார்க்காரர்கள் காபிக்கடை போட்டார்கள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வைத்தார்கள். மாடியில் பிங்கோ என்ற எண் விளையாட்டுக்கு ஒரு கூடம், வயதானவர்கள் பொழுதைக் கழிக்க. தெருமட்டத்துக்குக் கீழே, வளாகத்தைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம். அங்கே சந்தைக் கடைகள். அசிங்கமான கட்டடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

இந்த வளாகத்தை இடித்துவிட்டுக் கட்டும் புதிய திட்டத்தில் 979 வீடுகள், புது கல்லூரி வளாகம், பாதாள ரயிலுக்குப் புது நுழைவு மண்டபம். 2018 ஜனவரியில் அந்தப் பகுதியை நிர்வகிக்கும் சதர்க் மாநகராட்சியின் திட்டக்குழு ஒப்புதல் தரவில்லை. எதிர்ப்பு அப்படி. கட்டும் நிறுவனம் இறங்கி வந்தது. குறைந்த வாடகைச் சமூக வீடுகளின் எண்ணிக்கை 116 ஆக உயர்ந்தது, ஜூலையில் அனுமதி கிடைத்தது. போராடினால் கணக்கு மாறும் என்பதற்கு இது சாட்சி.

சரி, கடைக்காரர்கள்? 2020 செப்டம்பரில் கதவை மூடிவிட்டார்கள், அதுவும் கொரோனா காலத்தில். பக்கத்திலேயே காசில் ஸ்கொயர் என்று தற்காலிகக் கடைகள் கட்டிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை. வளாகத்தின் யானைச் சிலையும் அங்கேதான் போனது. யானை வாடகை தர வேண்டியதில்லை!

புதுக் கட்டடத்தில் ஒரு பகுதிக் கடைகளைக் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. நல்லது. ஆனால் கட்டி முடியும்வரை வாடிக்கையாளர் அத்தனை வருடம் காத்திருக்க மாட்டார், வேறு கடைக்குப் பழகிவிடுவார். ஆகவே இடிப்பு அனுமதியில் கையெழுத்துப் போடும் முன்பே, ஒவ்வொரு கடைக்கும் மாற்று இடம் எது, வாடகை எவ்வளவு என்று பெயர்வாரியாக எழுதி வாங்க வேண்டும் என்கிறேன்.