ஏடிஎச்டியோட வீடு நடத்துறது: ஸ்டீல் டப்பாவ மாத்துங்க, பருப்பு தெரியட்டும்

வணக்கம் மக்களே, பின்னாடி ஃபேன் சத்தம் கேக்கும், மே மாச சென்னைல ஃபேன ஆஃப் பண்ணிட்டு பேசுற அளவுக்கு உங்க மேல எனக்கு பாசம் இல்ல, மன்னிச்சுக்கோங்க. போன வீடியோக்கு கீழ நெறைய பேரு கேட்டது, அக்கா ஏடிஎச்டிக்கு என்ன ஆப் யூஸ் பண்றீங்கன்னு. ஏடிஎச்டின்னா கவனத்த ஒரு இடத்துல நிறுத்துறதும் ஞாபகம் வெச்சுக்கிறதும் கஷ்டமாகுற மூளை அமைப்பு, எனக்கு அது இருக்கு. ஆப்பெல்லாம் ரொம்ப கம்மிங்க. லிஸ்ட்ட பாக்கணும்னு ஃபோன எடுத்தா ரீல்ஸ்ல போய் முடியும், அப்புறம் ஆப்பு நமக்குத்தான்.

என்னோட கணக்கு ரொம்ப சிம்பிள். கண்ணுல படலைன்னா அந்தப் பொருள் எனக்கு வீட்டுலயே இல்ல. அதனால ஞாபகம் வெச்சுக்க ட்ரை பண்றத விட்டுட்டு கண்ணுல பட வைக்கிறேன், அவ்ளோதான் விஷயம்.

ஆனா வெளிநாட்டு வீடியோவ பாத்து அப்படியே செஞ்சா நம்ம வீட்டுக்கு செட் ஆகாது. நம்ம கிச்சன்ல என்ன இருக்கு, சீர்ல வந்த எவர்சில்வர் டப்பா, எல்லாம் ஒரே மாதிரி வரிசையா நிக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுல துவரம்பருப்பு எதுல கடலப்பருப்புன்னு ஒவ்வொன்னா தொறந்து பாக்கணும். உளுந்து முழுசா ஒரு டப்பா இருக்கும்போதே கடைல இன்னொரு கிலோ வாங்குற ஆள் நானு. இப்போ எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில். மாமியார் வந்து பாத்துட்டு “ஏம்மா, அத்தனை பாத்திரம் இருக்க இது எதுக்கு”ன்னாங்க, பருப்பு தெரியணும் அத்தைன்னேன், விட்டுட்டாங்க.

ஃப்ரிட்ஜும் அப்படித்தான். கீழ காய்கறி டிரேன்னு ஒன்னு இருக்கு பாருங்க, கொத்தமல்லி உள்ள போனா கறுத்து தண்ணி விட்டு கவரோட ஒட்டிக்கிட்டாதான் வெளிய வரும். நான் தலைகீழா மாத்திட்டேன், சாஸ், ஜாம், ஊறுகாய் எல்லாம் டிரேல, ஏன்னா அது கெட்டுப்போக மாசக்கணக்காகும், காயும் கீரையும் கண்ணுக்கு நேரா நடுத்தட்டுல. கீரை கொஞ்சம் சீக்கிரம் வாடுதுதான், ஆனா வாடுறதுக்குள்ள சமைச்சிடுறேனே.

காலைல கெளம்புறப்போ சாவி, ஐடி கார்டு, சாப்பாட்டுப் பை எல்லாத்தையும் வாசக்கதவு தாழ்ப்பாள்ல மாட்டிடுவேன். அத எடுக்காம கதவ தொறக்கவே முடியாது.

அடுத்தது டைம். இருவத்தஞ்சு நிமிஷம் வேலை அஞ்சு நிமிஷம் பிரேக்னு பொமோடோரோ சொல்வாங்கல்ல, 1980கள் கடைசில இத்தாலில ஃபிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு ஸ்டூடண்ட் தக்காளி ஷேப்ல இருந்த கிச்சன் டைமர வெச்சு ஆரம்பிச்சது. நல்ல விஷயம்தான், ஆனா எனக்கு புடிக்காத வேலைல இருவத்தஞ்சு நிமிஷம்ங்கறது ஒரு யுகம், புடிச்ச வேலைல மூழ்கிட்டா பெல் அடிச்சாலும் காதுல விழாது, குக்கர் விசிலே விழாது, இதுல எங்க எண்றது! அதனால புடிக்காத வேலைக்கு பத்து நிமிஷம்தான். புடிச்ச வேலைக்கு அலாரத்த அடுத்த ரூம்ல வைக்கணும், ஆஃப் பண்ண எழுந்து போயே ஆகணும். அப்புறம் அலாரத்துக்கு பேர் வைக்கிறப்போ “குளிக்கணும்”னு வைக்காதீங்க, “துண்ட எடு”ன்னு வைங்க. முதல் அசைவு மட்டும் போதும், மிச்சம் தானா நடக்கும், நடக்கலன்னாலும் துண்டாவது கைல இருக்கும்.

வேலைய ஆரம்பிக்கவே முடியலையா, கூட ஒரு ஆள் வேணும். அவங்க உதவி பண்ண வேணாம், சும்மா இருந்தா போதும், இதத்தான் பாடி டபுளிங்னு சொல்றாங்க. அம்மா பக்கத்துல உக்காந்து பீன்ஸ் நறுக்குனா நான் மாசக் கணக்க எழுதி முடிச்சிடுவேன். ஆள் இல்லன்னா ஃப்ரெண்டுக்கு வீடியோ கால் போட்டு மியூட்ல வெச்சுக்கோங்க. ஒரே கண்டிஷன், “இன்னும் முடிக்கலையா”ன்னு கேக்குற ஆள் கூடாது.

மாத்திரை எடுக்குறவங்க வாரத்துக்கு ஏழு கட்டம் இருக்குற மாத்திரை டப்பா வாங்கிடுங்க. போட்டோமா இல்லையான்னு சந்தேகத்துல ரெண்டாவது தடவ போடுறதுதான் ஆபத்து, கட்டம் காலியா இருந்தா போட்டாச்சு. இந்த ட்ரிக்கெல்லாம் மாத்திரைக்கு பதிலா இல்ல, அத கூட்டுறது கொறைக்கிறது டாக்டர் வேலை.

பசங்களுக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் கேட்டவங்களுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா மாதிரி கற்றல் குறைபாடும் அதுல வரும், ஏடிஎச்டி தனியா அந்த லிஸ்ட்ல இல்ல. எனக்கு இதுல கோவம்தான். ஆனா ஏடிஎச்டியோட கற்றல் குறைபாடும் சேந்து வர்றது சகஜம், அதனால ரெண்டையும் டெஸ்ட் பண்ண சொல்லி கேளுங்க.

கடைசியா சத்தம், உறுத்தல் பத்தி, என்ன மாதிரி ஆளுக்கு இது ரெண்டும் தாங்காது. கல்யாண மண்டபத்துக்கு இயர்ப்ளக் இல்லாம போறதில்ல, முடி காத மூடிடும், யாருக்கும் தெரியாது. சட்ட காலர் லேபிள கத்திரில வெட்டாதீங்க, அடில நிக்கிற கட்ட விளிம்பு இன்னும் குத்தும், பிளேடு நுனியால தையல ஒவ்வொன்னா பிரிச்சு எடுங்க. வெயிட்டட் பிளாங்கெட்னு உடம்பு அமைதியாக போத்திக்கிற கனமான போர்வை ஒன்னு சொல்வாங்கல்ல, அது நம்ம ஊரு வெயிலுக்கு நடக்காத காரியம். நான் தலகாணி உறைல ரெண்டு கிலோ பச்சப்பயறு போட்டு, நடுவுல கட்டம் கட்டமா தையல் விட்டு வெச்சிருக்கேன், ஒரே பக்கமா சரியாது, மீட்டிங்ல மடில வெச்சா கால் ஆட்டுறது நின்னுடும். காட்டன் துணியே எடுங்க, பாலியஸ்டர்னா தொடை வேர்த்துடும். பயற முதல்ல வாணலில வறுத்துட்டு நல்லா ஆற விட்டு போடுங்க, இல்லன்னா வண்டு வந்துடும்.